உயிரணுவின் பந்தற்கால்கள்: ஆக்டின் இழைகளை ஆளும் புரதங்கள்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்துப் பாறைக் குன்றுகளின்மேல் அமைந்துள்ளது மேல்கோட்டை. தமிழ் வைணவர்கள் இதனைத் திருநாராயணபுரம் எனப் போற்றுவர். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. இவ்வூருக்குச் செல்வோர் கட்டி முடிக்கப்பெறாது நிற்கும் இராயகோபுரத்தைக் காணாது திரும்புவதில்லை. வானை நோக்கி எழுந்த அதன் கற்றூண்கள், நட்ட இடத்திலேயே பல நூற்றாண்டுகளாக அசையாது நிற்கின்றன. பங்குனித் திங்களில் வைரமுடி உற்சவத்திற்கு மக்கள் திரளாகக் கூடுவர். இத்தகைய திருவிழாக்களுக்கென எழுப்பப்படும் மூங்கிற்பந்தலோ ஒரு நாளில் எழுந்து, சில நாட்களில் பிரிக்கப்பட்டு, அதே மூங்கில்கள் வேறோர் ஊரில் வேறோர் உருவில் மீண்டும் எழுகின்றன.

நம் உடலின் உயிரணுக்கள் இவ்விரண்டில் எதனை ஒத்தவை? பாடநூற் படங்களைப் பார்ப்பவர்க்கு உயிரணு ஒரு நிலையான கட்டடம் என்றே தோன்றும். உண்மை அதற்கு மாறானது. உயிரணுவிற்கு உருவமும் அசைவும் தருகின்ற நுண்ணிழைகளுட் பல, சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ கட்டப்பட்டுப் பிரிக்கப்படுகின்றன. அவை கோபுரத் தூண்கள் அல்ல, பந்தற்கால்களே. பந்தலில் மூங்கில் எவ்வளவு முக்கியமோ, அதனினும் முக்கியமானவர், எதை எங்கே எப்பொழுது நடுவது, எப்பொழுது அவிழ்ப்பது என முடிவு செய்யும் பந்தற்காரர். உயிரணுவில் அப்பணியைச் செய்யும் புரதங்களைப் பற்றியதே இப்பாடம். அவற்றின் ஆட்சி பிறழுமாயின், அல்லது ஒரு நோய்க்கிருமி அவ்வாட்சியைக் கைப்பற்றுமாயின், என்ன நேரிடும் என்பதையும் இங்குக் காண்போம். கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களுக்கு இப்பகுதி நேரடியாகப் பயன்படும்.

1. ஆக்டின் என்பது யாது?

1942-ஆம் ஆண்டு, ஹங்கேரி நாட்டின் செகெத் நகரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்ட்ராவுப் என்பார், முயல் தசையிலிருந்து ஒரு புதிய புரதத்தைப் பிரித்தெடுத்தார். மயோசின் என்னும் தசைப் புரதத்தைச் செயலூக்குவதால் அதற்கு ஆக்டின் என்னும் பெயர் இடப்பட்டது. நெடுங்காலம் இது தசைக்கே உரிய பொருள் என்று கருதப்பட்டது. 1966-இல் ஜப்பானைச் சேர்ந்த ஹதானோ, ஓசாவா ஆகிய இருவரும், தசையே இல்லாத ஒருவகைச் சளிப்பூஞ்சையிலிருந்து ஆக்டினைப் பிரித்துக் காட்டினர். விலங்கு, பயிர், ஈஸ்ட் ஆகிய அனைத்தின் உயிரணுக்களிலும் ஆக்டின் உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஈஸ்டின் ஆக்டினையும் மனித ஆக்டினையும் ஒப்பிட்டால், அவற்றின் அமினோ அமிலங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு ஒன்றாகவே இருக்கின்றன. இவ்வளவு பழமையான, இவ்வளவு மாறாத புரதங்கள் சிலவே.

ஆக்டின் இரு நிலைகளில் உள்ளது. தனித்திருக்கும்போது அது உருண்டை வடிவினது. 375 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 42,000. இதனை மணி ஆக்டின் என்போம். மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, முறுக்கிய இருபுரிக் கயிறு போல ஆகும்போது அது இழை ஆக்டின் எனப்படும். இழையின் பருமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு மணியும் சேருந்தோறும் இழை ஏறத்தாழ 2.7 நானோமீட்டர் நீளுகின்றது. ஆதலின் ஒரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள இழையில் சுமார் 370 மணிகள் இருக்கும்.

ஒவ்வொரு மணியும் தன்னுள் ஓர் ஏ.டி.பி. மூலக்கூற்றைத் தாங்கியுள்ளது. மணி இழையிற் சேர்ந்தபின் அந்த ஏ.டி.பி. விரைவில் உடைகின்றது, ஏறத்தாழ இரண்டு வினாடிகளில் பாதி மணிகளில் உடைப்பு நிகழ்ந்துவிடும். ஆனால் உடைந்த பாஸ்பேட்டு உடனே வெளியேறுவதில்லை. தூய இழையில் பாதியளவு வெளியேறவே ஆறு நிமிடங்கள் வரை ஆகும். இதன் பயனாக, இழையின் ஒவ்வொரு பகுதியும் தன் வயதைத் தானே காட்டுகின்றது. ஏ.டி.பி. தாங்கிய பகுதி புதிது, ஏ.டி.பி. உடைந்து ஏ.டி.பி.யின் ஒரு பாஸ்பேட்டு நீங்கி ஏ.டி.பி. அல்லாத ‘இரு பாஸ்பேட்டு’ வடிவை, அஃதாவது ஏ.டி.பி.க்குப் பதில் இரு பாஸ்பேட்டுச் சேர்மத்தைத் தாங்கிய பகுதி பழையது. இவ்வயதுக் குறி பின்னர் நமக்குப் பயன்படும்.

2. இரு முனைகளும் ஒரு கணக்கும்

மணிகள் யாவும் ஒரே திசையை நோக்கிக் கோக்கப்படுவதால், இழையின் இரு முனைகளும் ஒத்தவையல்ல. ஒரு முனையில் மணிகள் விரைந்து சேரும். அதனை வேகமுனை என்போம். மற்றொன்று மந்தமுனை. 1986-இல் பொல்லார்டு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இவ்வேகங்களை அளந்தார். மணிகளின் செறிவு ஒரு மைக்ரோமோலார் இருக்கும்போது, அஃதாவது லிட்டருக்கு 42 மில்லிகிராம் ஆக்டின் இருக்கும்போது, வேகமுனையில் வினாடிக்கு 11.6 மணிகள் சேரும், மந்தமுனையில் 1.3 மணிகளே சேரும். செறிவு எதுவாயினும், வேகமுனையிலிருந்து வினாடிக்கு 1.4 மணிகளும், மந்தமுனையிலிருந்து 0.8 மணியும் கழலும். இவை ஏ.டி.பி. தாங்கிய மணிகளுக்குரிய எண்கள்.

இவ்வெண்களைக் கொண்டு மாணவர்களே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். சேர்வதும் கழல்வதும் சமமாகும் செறிவு வேகமுனைக்கு 1.4 ÷ 11.6, அஃதாவது 0.12 மைக்ரோமோலார், மந்தமுனைக்கு 0.8 ÷ 1.3, அஃதாவது 0.6 மைக்ரோமோலார். செறிவு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாயின், ஒரு முனை வளர மற்றொரு முனை தேயும். இவ்வளர்ச்சியும் தேய்வும் சமமாகும் செறிவில் இழையின் நீளம் மாறாது. ஆனால் உள்ளிருக்கும் மணிகள் ஒரு முனையிற் புகுந்து மறுமுனையில் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெக்னர் என்பார் 1976-இல் இந்நிகழ்ச்சியை விளக்கினார்.

இனி ஒரு வியப்பைக் காண்க. செறிவு சுமார் 0.17 மைக்ரோமோலார் இருக்கையில் இரு முனைகளின் வளர்ச்சியும் தேய்வும் சமமாகின்றன. அப்பொழுது வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மணி மட்டுமே இழையினூடே கடந்து செல்லும். 370 மணிகள் கொண்ட இழை முற்றும் புதுப்பிக்கப்படப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் ஊர்ந்து செல்லும் உயிரணுவின் முன்விளிம்பில் இழைகள் ஒரு நிமிடத்திற்குள்ளாகவே புதுப்பிக்கப்படுகின்றன. மீனின் தோலுயிரணுக்களில் 1991-இல் தீரியட், மிச்சிசன் ஆகிய இருவரும் செய்த அளவீட்டில், இழைகளில் பாதி 23 வினாடிகளில் மறைந்தன. ஆக்டின் தானாகவே இவ்வளவு விரைவாக இயங்கவில்லை. வேறு யாரோ அதனை இயக்குகின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

வேறொரு புதிரும் உண்டு. உயிரணுவிலுள்ள மொத்த ஆக்டினின் செறிவு பெரும்பாலும் 50 முதல் 200 மைக்ரோமோலார் வரை இருக்கும். மேற்கண்ட கணக்கின்படி 0.12 மைக்ரோமோலாருக்கு மேற்பட்டது யாவும் இழையாகிவிட வேண்டுமன்றோ? அங்ஙனம் ஆவதில்லை. தசையல்லாத உயிரணுக்கள் பலவற்றில் ஏறத்தாழப் பாதி ஆக்டின் மணிகளாகவே காத்திருக்கின்றது. உயிரணுவின் திறமை இழைகளைக் கட்டுவதில் மட்டும் இல்லை. கட்டாமல் தடுத்து வைத்து, வேண்டிய கணத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் கட்டவிடுவதிலேயே உள்ளது.

3. சேமித்து வைப்போர்

தடுத்து வைக்கும் பணியைச் செய்பவை முக்கியமாக இரு புரதங்கள். முதலாவது புரோஃபிலின். இதனை 1977-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கன்றின் மண்ணீரலிலிருந்து பிரித்தனர். அது மணியின் ஒரு பக்கத்தைப் பற்றிக் கொள்கிறது. அவ்வாறு பற்றப்பட்ட மணியால் புதிய இழையைத் தொடங்க இயலாது. மந்தமுனையிலும் சேர இயலாது. ஏற்கெனவே உள்ள இழையின் வேகமுனையில் மட்டும் சேரும். சேர்ந்தவுடன் புரோஃபிலின் விலகிவிடும். ஆதலின் புரோஃபிலின் வெறும் தடையன்று, வழிகாட்டியும் ஆகும்.

இரண்டாவது தைமோசின் பீட்டா-4. இது 43 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய புரதம். இது ஆக்டின் மணியைத் தடுத்து வைக்கிறது என்பது 1991-இல் நிறுவப்பட்டது. தைமோசின் பற்றிய மணி எம்முனையிலும் சேராது. இரத்தத் தட்டணுக்களில் இது மிகுதியாக உள்ளது. காயம் பட்டவுடன் தட்டணு உருமாறி விரல் போன்ற நீட்சிகளை வெளியிட வேண்டும். அதற்குத் தேவையான மணிகள் அனைத்தும் தயாராக இருக்க வேண்டும். ஆயினும் காயம் படும் வரை ஒன்றுகூட வீணே கோக்கப்படலாகாது. பந்தற்காரரின் கொட்டகையில் கட்டிவைத்த மூங்கில்களைப் போன்றது இச்சேமிப்பு.

4. தொடங்கி வைப்போர்

மணிகள் தாமாகவே ஒரு புதிய இழையைத் தொடங்குவது மிகக் கடினம். இரண்டு மணிகள் சேர்ந்தால் அவை உடனே பிரிந்துவிடும். மூன்று அல்லது நான்கு சேர்ந்த பின்னரே இணைப்பு உறுதிப்படுகிறது. இத்தொடக்கத் தடையை ஓசாவா 1962-லேயே கணித முறையில் விளக்கியிருந்தார். இத்தடை உயிரணுவிற்கு ஒரு நன்மையே. தொடக்கம் கடினமாக இருப்பதால், தொடக்கத்தை ஆள்பவர் இழைகளின் இடத்தையும் காலத்தையும் ஆள்கின்றனர்.

தொடக்கப் புரதங்களுள் இரு வகை தலையாயவை. முதல்வகை ஆர்ப் 2/3 கூட்டு. ஏழு புரதங்கள் சேர்ந்த இக்கூட்டை 1994-இல் பொல்லார்டின் ஆய்வுக்கூடத்தினர் மண்ணில் வாழும் ஓர் அமீபாவிலிருந்து பிரித்தனர். இக்கூட்டிலுள்ள இரு புரதங்கள் ஆக்டினைப் போன்ற உருவினை உடையவை; ஆதலின் அவை இரண்டும் புதிய இழையின் முதலிரு மணிகளைப் போல நிற்கின்றன. ஆர்ப் 2/3 பழைய இழையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் ஒரு கிளையைத் தொடங்குகிறது. கிளைமேற் கிளையாக எழும் இவ்வலை, உயிரணுவின் முன்விளிம்புச் சவ்வை வெளிநோக்கித் தள்ளுகின்றது. ஆனால் ஆர்ப் 2/3 தானாகச் செயற்படுவதில்லை. வாஸ்ப் எனப்படும் குடும்பத்துப் புரதங்கள் அதனைத் தூண்ட வேண்டும். அவையோ, சவ்விலிருந்து வரும் செய்தியைப் பெற்ற பின்னரே விழித்தெழும்.

இரண்டாம் வகை ஃபார்மின்கள். இவை கிளையற்ற நேர் இழைகளைத் தொடங்குகின்றன என்பது 2002-இல் ஈஸ்டில் காட்டப்பட்டது. ஃபார்மின் இழையைத் தொடங்கியதும் விலகிப் போவதில்லை. வளரும் வேகமுனையிலேயே அமர்ந்து, மேலும் மேலும் மணிகளைச் சேர்க்கிறது. அதன் உடலில் நீண்டு தொங்கும் ஒரு பகுதி, புரோஃபிலின் பற்றிய மணிகளைப் பிடித்து இழைமுனைக்குக் கொண்டுவருகிறது. சேமித்து வைத்த புரதமும் தொடங்கிவைக்கும் புரதமும் இங்குக் கைகோத்துச் செயற்படுவதை நோக்குக.

5. நிறுத்துவோரும் பிரிப்போரும்

வளரும் இழைகள் அனைத்தும் வளர்ந்துகொண்டே போகுமானால், மணிகள் விரைவில் தீர்ந்துவிடும். எனவே மூடிப் புரதம் என்று ஒன்று உண்டு. அது வேகமுனையில் அமர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. புதிய இழை தோன்றிய சில வினாடிகளுள் அதற்கு மூடி விழுந்துவிடுகிறது. இது வீணடிப்பு அன்று. பழைய இழைகள் மூடப்படுவதால், மிஞ்சும் மணிகள் யாவும் புதிதாகத் தோன்றிய சில முனைகளுக்கே செல்கின்றன. அவை அதனால் விரைந்து வளர்கின்றன. இதனையும் கணக்கிடலாம். சேரத்தக்க மணிகளின் செறிவு 10 மைக்ரோமோலார் எனின், வேகமுனையில் வினாடிக்கு 116 மணிகள் சேரும், 1.4 கழலும். ஆகவே இழை வினாடிக்கு ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டர் நீளும்.

பிரிப்போருள் முதன்மையானது கோஃபிலின். முதற்பகுதியிற் கூறிய வயதுக் குறி இங்குப் பயன்படுகிறது. பாஸ்பேட்டு நீங்கிய பழைய பகுதிகளையே கோஃபிலின் பெரிதும் பற்றுகிறது. பற்றிய இடத்தில் இழையின் முறுக்கை மாற்றி, அதனை முறியச் செய்கிறது. புதிய பகுதிகள் தப்பிக்கின்றன. முறிந்த துண்டுகளிலிருந்து கழன்ற மணிகளைப் புரோஃபிலின் பற்றி, அவற்றுக்குப் புதிய ஏ.டி.பி. ஏற உதவி, மீண்டும் வேகமுனைக்கு அனுப்புகிறது. இவ்வாறு ஒரே மணி முன்விளிம்பிற் சேர்ந்து, பின்னே முறிந்து, மறுபடி முன்னே செல்கின்றது.

ஜெல்சோலின் என்பது மற்றொரு பிரிக்கும் புரதம். இதனை யின், ஸ்டாசல் ஆகிய இருவரும் 1979-இல் முயலின் நுரையீரலில் உள்ள விழுங்கணுக்களிற் கண்டறிந்தனர். கால்சியம் மிகும்போது இது இழையை வெட்டி, வெட்டிய முனையை மூடிவிடுகிறது. இது இரத்த நீரிலும் உண்டு. காயங்களில் உயிரணுக்கள் சிதைந்து ஆக்டின் இரத்தத்திற் கலந்தால், அது அங்கேயே இழைகளாகிச் சிறு நாளங்களை அடைக்கக்கூடும். இரத்த ஜெல்சோலின் அவ்விழைகளை வெட்டுகிறது. வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதம் கழன்ற மணிகளைப் பற்றி அகற்றுகிறது.

டிரோபோமயோசின் என்பது இழையின் நெடுகிலும் படிந்து கிடக்கும் கயிறு போன்ற புரதம். இது படிந்த இழைகள் உறுதிபெற்று நெடுநேரம் நிலைக்கின்றன. ஆகவே ஒரே உயிரணுவில் சில வினாடி வாழும் இழையும், பல நாள் வாழும் இழையும் அருகருகே இருக்கலாம். ஆக்டின் ஒன்றே, அதன்மேல் அமரும் புரதமே அதன் ஆயுளை வரையறுக்கிறது.

6. இக்கூற்றுகளுக்குச் சான்று யாது?

இவ்வளவு புரதங்களும் உண்மையிலேயே போதுமானவையா என்னும் ஐயம் எழலாம். 1999-இல் பிரான்சு நாட்டில் கார்லியே, பாந்தலோனி ஆகியோரின் குழுவினர் இதற்கு விடை கண்டனர். உயிரணுக்களுள் புகுந்து ஆக்டின் வாலை உண்டாக்கி நகரும் பாக்டீரியாக்களை அவர்கள் ஒரு கண்ணாடித் தகட்டில் இட்டு, தூய்மையான ஆக்டின், ஆர்ப் 2/3, மூடிப் புரதம், கோஃபிலின் ஆகியவற்றையும் ஏ.டி.பி.யையும் சேர்த்தனர். உயிரணு எதுவுமின்றியே பாக்டீரியா நகர்ந்தது. புரோஃபிலின் முதலியன சேர்த்தபோது நகர்வு மேலும் சீர்பட்டது. மூடிப் புரதத்தையோ கோஃபிலினையோ நீக்கியபோது நகர்வு நின்றது. நிறுத்துவோரும் பிரிப்போரும் இன்றி முன்னேற்றம் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இரண்டாவது சான்று ஒரு ஈஸ்டினின்றும் கிடைத்தது. ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவிலிருந்து பிரிக்கப்பட்ட இந்த ஈஸ்ட், நடுவில் பிளந்து இரண்டாகிறது. பிளவுக்குமுன் அதன் இடையில் ஆக்டின் இழைகளாலான ஒரு வளையம் அமைந்து, சுருக்குக் கயிறு போல இறுகும். சில திரிபு வகைகளில் வெப்பம் மிகும்போது உட்கரு பிரிந்தும் உயிரணு பிரிவதில்லை; ஒரே கூட்டில் பல உட்கருக்கள் தங்கிவிடும். அவற்றுள் ஒன்றில் பழுதுபட்டது டிரோபோமயோசின் என்று மோகன் பாலசுப்பிரமணியனும் உடனுழைத்தோரும் 1992-இல் காட்டினர். மற்றொன்றில் பழுதுபட்டது புரோஃபிலின் என்று 1994-இல் அவரும் பிறரும் காட்டினர். மூன்றாவதில் பழுதுபட்டது ஃபார்மின் என்பது 1997-இல் வேறொரு குழுவினரால் அறியப்பட்டது. மூன்றிலும் ஆக்டின் பழுதுபடவில்லை. அதனை ஆளும் புரதமே பழுதுபட்டது. பாலசுப்பிரமணியன் பின்னர்ச் சிங்கப்பூரிலும், அதன்பின் இங்கிலாந்திலும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

மூன்றாவது சான்று மேல்கோட்டையிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பத்தக்க பெங்களூரில் கிடைத்தது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரும், இயற்பியலாளர் மதன் ராவும், அவர்களுடன் உழைத்தோரும் 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், சவ்வின் மேற்பரப்பிலுள்ள சில புரதங்கள் மிகச் சிறு கூட்டங்களாகத் திரள்வதற்குச் சவ்வின் கீழுள்ள ஆக்டினின் ஓயாத இயக்கமே காரணம் என்று காட்டின. குறுகிய ஆக்டின் இழைகளும் மயோசினும் சேர்ந்து அப்புரதங்களை ஓரிடத்திற் குவிக்கின்றன. சவ்வு, தானே மிதக்கும் பொருள்களைக் கொண்ட வெறும் எண்ணெய்ப் படலமன்று. அதன் அமைப்பையும் கீழிருக்கும் பந்தலே ஆள்கிறது.

7. ஆட்சி பறிபோகும்போது

களப்பணியாளர் நன்கறிந்த இரத்தச் சீதபேதிக்குக் காரணமான கிருமி ஷிகெல்லா. 1897-இல் ஜப்பானிய மருத்துவர் ஷிகா இதனைக் கண்டறிந்தார். இக்கிருமிக்கு நீந்தும் உறுப்பு இல்லை. எனினும் குடற்சுவரின் ஓர் உயிரணுவிலிருந்து அடுத்ததற்கு அது விரைந்து செல்கிறது. எங்ஙனம்? தன் உடலின் ஒரு முனையில் அது ஒரு புரதத்தை நிறுத்தி வைத்துள்ளது. அப்புரதம் நம் உயிரணுவின் வாஸ்ப் குடும்பத்துப் புரதம் ஒன்றைப் பற்றி விழிக்கச் செய்கிறது. உடனே ஆர்ப் 2/3 அங்கு வந்து கிளைகளைத் தொடங்க, கிருமியின் பின்னே ஆக்டின் வால் ஒன்று வளர்ந்து அதனை முன்னே தள்ளுகிறது. தள்ளப்பட்ட கிருமி அடுத்த உயிரணுவினுள் நேரே புகுந்துவிடுகிறது. வெளியே வந்து எதிர்ப்புப் பொருள்களைச் சந்திக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. நம் பந்தற்காரரைக் கொண்டே, நம் மூங்கிலாலேயே, பகைவன் தனக்குப் பாலம் கட்டிக்கொள்கிறான்.

இதனின்று பெறும் படிப்பினை உண்டு. ஷிகெல்லா நோய் உண்டாக்க 10 முதல் 100 கிருமிகள் உட்சென்றாலே போதும். உட்புகுந்தபின் அது உயிரணுக்களினூடே பரவும் வேகத்தைக் கண்டோம். ஆகவே திருவிழாக் கூட்டங்களிலும் சந்தைகளிலும், கிருமி வாயை அடையாமற் காப்பதே தலையாய தற்காப்பு. குடிநீருக்குக் குளோரின் இடுதல், உண்பதற்கு முன்னும் மலங்கழித்த பின்னும் சோப்பினால் கைகழுவுதல், உணவை ஈ மொய்க்காது மூடிவைத்தல் ஆகியவற்றை வற்புறுத்துக. மலத்தில் இரத்தம் கண்ட குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புக.

மற்றொன்று பிறவிக் குறை. வாஸ்ப் என்னும் பெயரே ஒரு நோயிலிருந்து வந்தது. 1937-இல் விஸ்காட் என்னும் ஜெர்மானிய மருத்துவரும், 1954-இல் ஆல்ட்ரிச் என்னும் அமெரிக்க மருத்துவரும் விவரித்த இந்நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. தாய்வழி வரும் நிறக்கோலில் உள்ள வாஸ்ப் மரபணு பழுதுபட்டிருப்பதே காரணம் என்று 1994-இல் அறியப்பட்டது. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் ஆக்டினைச் சரிவர ஆள இயலாமையால், குழந்தைக்கு அடிக்கடி தொற்றும், தோற்படையும், எளிதில் இரத்தக் கசிவும் ஏற்படும். இம்மூன்றும் ஓர் ஆண் குழந்தையிடம் ஒருங்கே காணப்படின், குறிப்பாகத் தாயின் உடன்பிறந்த ஆண்கள் இளமையில் இறந்த செய்தியும் இருப்பின், களப்பணியாளர் அதனை வெறும் சிரங்கென்று கருதிவிடலாகாது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தக்க காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தால் குணமாக்க இயலும் நோய் இது.

மலேரியாக் கிருமியும் ஆக்டினைச் சார்ந்தே உயிரணுக்களுள் புகுகின்றது. ஆனால் அதற்கு ஆர்ப் 2/3 கூட்டு இல்லை. ஃபார்மின்களையும் புரோஃபிலினையும் கொண்டே மிகக் குறுகிய இழைகளை அது கட்டிக்கொள்கிறது. நம் ஆக்டினை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் மருந்து இதயத்தையும் தாக்கும். ஆதலின், கிருமிக்கே உரிய இத்தகைய வேறுபாடுகளை அறிவது முக்கியமாகின்றது.

8. ஆசிரியர்களுக்குச் செய்முறைக் குறிப்பு

ஆக்டின் இழையைப் பள்ளி நுண்ணோக்கியிற் காண இயலாது. ஆனால் அதன் செயலைக் காணலாம். குளங்களில் வளரும் ஹைட்ரில்லாக் கொடியின் நுனியருகேயுள்ள இளம் இலை ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் நீர்த்துளியில் வைத்து மூடுக. பத்து நிமிடம் நல்ல வெளிச்சத்தில் வைத்தபின், 400 மடங்கு பெருக்கத்தில் இலையின் நடுநரம்பை ஒட்டிய உயிரணுக்களை நோக்குக. பசுங்கணிகங்கள் உயிரணுவின் சுவரோரமாக ஒரே திசையில் சுற்றிவருவதைக் காணலாம். இத்தகைய ஓட்டத்தை 1774-இல் இத்தாலியரான கோர்ட்டி முதலிற் கண்டார். ஆக்டின் இழைகளின்மேல் மயோசின் நடந்து செல்வதாலேயே இவ்வோட்டம் நிகழ்கிறது. குளிர்ந்த நீரை விட்டு ஓட்டம் தளர்வதையும், மீண்டும் வெதுவெதுப்பாக்கி அது விரைவதையும் மாணவர்கள் கடிகாரம் கொண்டு அளந்து எழுதட்டும்.

வகுப்பில் விளையாட்டாகவும் இப்பாடத்தை நடத்தலாம். இருபது மாணவர்கள் மணிகளாகுக. நால்வர் சேர்ந்து நின்றாலன்றி வரிசை தொடங்கலாகாது என்பது விதி. ஒருவன் ஃபார்மினாக நின்று வரிசையைத் தொடங்குக, ஒருவன் மூடியாகுக, ஒருவன் வரிசையின் பழைய பகுதியை மட்டும் பிரிக்கும் கோஃபிலினாகுக. பிரிப்பவனை நீக்கிவிட்டு ஆடினால், சிறிது நேரத்தில் மணிகள் தீர்ந்து ஆட்டமே நின்றுவிடுவதை அவர்கள் தாமே உணர்வர்.

முடிவுரை

மேல்கோட்டை இராயகோபுரத்தின் தூண்கள் அசையாமையால் நிலைத்தன. நம் உயிரணுவோ, ஓயாது கட்டுவதாலும் ஓயாது பிரிப்பதாலுமே நிலைக்கின்றது. காயம் ஆறுவதும், வெள்ளையணு கிருமியைத் துரத்துவதும், ஓர் உயிரணு இரண்டாவதும் இதனாலேயே. ஆக்டினைப் பற்றி மாணவர்க்கு ஒன்றே கூற வாய்க்குமாயின், அதன் ஆற்றலினும் அதன்மேலுள்ள கட்டுப்பாடே பெரிது என்பதைக் கூறுக.

பயிற்சி வினாக்கள்

1. மணிகளின் செறிவு 0.4 மைக்ரோமோலார் எனின், வேகமுனையும் மந்தமுனையும் வினாடிக்கு எவ்வளவு வளரும் அல்லது தேயும்?
2. மூடிப் புரதம் வளர்ச்சியை நிறுத்துகிறது; எனினும் உயிரணுவின் நகர்வுக்கு அது இன்றியமையாதது. விளக்குக.
3. இழையின் பழைய பகுதியையும் புதிய பகுதியையும் கோஃபிலின் எவ்வாறு வேறுபடுத்தி அறிகிறது?
4. ஷிகெல்லாக் கிருமி நம் உயிரணுவின் எப்புரதங்களைப் பயன்படுத்திக்கொள்கிறது? இதனை மனத்திற் கொண்டு, உங்கள் ஊர்த் திருவிழாவிற்கான சுகாதார ஏற்பாடு ஒன்றை வகுத்தெழுதுக.